நிர்வாகியின் பெயர்

ஓசியில் கிடைத்தால் எதையும் அள்ளிக்கொண்டு போகிற ஜனம், என்னிடம் மட்டும் தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கும். என் தொழில் அப்படி. கடை கடையாகப் போய், கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருளின் திருட்டு நகலைத் துடைத்துவிட்டு, யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லாத, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம் என்று உலகத்துக்கே விட்டு வைத்திருக்கிற லினக்ஸைப் போட்டுக் கொடுப்பேன். போட்டுக் கொடுத்ததற்கும், கோளாறு என்றால் வந்து பார்ப்பதற்கும் எனக்குக் கூலி. அவ்வளவுதான். டயர் கடை, டிரைவிங் ஸ்கூல், ஜெராக்ஸ் கடை, பல் டாக்டர் என்று பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பாதிப் பேர் என் கைவேலையில்தான் ஓடுகிறார்கள். லினக்ஸின் சின்னம் பெங்குவின் என்பதால் எனக்குப் பெங்குவின் அக்கா என்று பேர். என் நடையையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

"சும்மா கிடைக்குதுன்னா அதுல என்னவோ இருக்கும்மா" என்பார் டயர் கடைக்காரர். அதற்கு முன்னால் சிடிக்காரன் திருடிப் போட்டுக் கொடுத்தபோது அவர் அப்படிக் கேட்டதே இல்லை. சிடிக்காரன் என்பது எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டர் மெக்கானிக். ஒரு காலத்தில் பை நிறையத் திருட்டு சிடி தூக்கிக்கொண்டு அலைந்தவன். இப்போது பென் டிரைவ், ஆனால் பேர் மாறவில்லை. அவன் போட்டது படுத்துக்கொண்டால், "மிஷின் பழசாச்சும்மா" என்று மிஷினைத் திட்டுவார்கள். நான் போட்டது என்றால் கரண்ட் போனாலும் பெங்குவின்தான் காரணம், பிரிண்டரில் மை தீர்ந்தாலும் பெங்குவின்தான் காரணம். பல் டாக்டர் தன் பையன் கணக்கில் கோட்டை விட்டபோதுகூட என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். என் தங்கச்சி விஷயத்தைத்தான் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. அதில் நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் என் புத்தி சொல்கிறது. புத்தி சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவள் வாழ்க்கைப்பட்டது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வீட்டில் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குடும்பத்துக்குக் கடைக்கு அப்புறம்தான் வீடு. மாமனார் ஆரம்பித்த கடை. அவர் போன பிறகு மூத்த மகன் முன்னால் கல்லாவில் உட்கார்ந்தார். பெரியவர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "கடையைத்தான் கட்டிக்கிட்டேன்" என்பார். தங்கச்சியின் புருஷன் இளையவர். கடையின் பின்பக்கம் மேஜையில் குனிந்து, ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தேய்க்கிற சத்தத்திலேயே இருந்து இருந்து பேச்சை மறந்துவிட்டாரோ என்னவோ, நான் அவருக்கு மௌனசாமி என்று பேர் வைத்திருந்தேன். நல்ல மனுஷன்தான். நல்லவனாக இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

முன்பக்கக் கடைக்கும் பின்பக்க மேஜைக்கும் நடுவில் ஒரு நீளமான, இருட்டான அறை. ஒரு கோடியில் எழுத்துப் பலகை, மறுகோடியில் உயரமான நாற்காலி, பக்கத்தில் வட்ட வட்டமாகச் சோதனை லென்ஸ்கள் அடுக்கிய பெட்டி. அதுதான் என் தங்கச்சியின் ராஜ்யம். கண் பரிசோதனை படித்தவள் அவள். வேலைக்குப் போவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. அதுவரை கண் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் படுக்கையில் விழுந்தபோது, 'ரெண்டு நாளைக்குப் பார்த்துக்கம்மா' என்று அந்த அறைக்குள் விட்டார்கள். அப்புறம் வெளியே வரவே இல்லை. அதற்கு முன்னால் அவளைப் பார்க்கப் போனால் துவைத்த துணி மாதிரி இருப்பாள். அந்த அறைக்குள் போன பிறகுதான் முகத்தில் களையே வந்தது.

"இது நல்லாத் தெரியுதா, இது நல்லாத் தெரியுதா?" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு லென்ஸாக மாற்றுவாள். வேறு இடத்தில் கண்ணாடி போட்டுத் தலைவலியோடு வருகிறவர்கள், அவளிடம் வந்து சரியாகிப் போவார்கள். கடைக்குள் நுழையும்போதே, "உள்ளே அந்தம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

"அந்த ரூம் மட்டும் இல்லன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்க்கா" என்று ஒரு முறை என்னிடம் சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கண் பார்ப்பது மட்டுமா? எந்த ஃபிரேம் வாங்குவது, எந்தக் கம்பெனி லென்ஸ், யார் கண்ணாடி எப்போது வரும், வந்த கண்ணாடி சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவனை எப்படி அனுப்புவது, எல்லாம் அவள்தான். ஆனால் ஒன்றைக்கூடத் தான் செய்ததாகச் சொல்ல மாட்டாள். அதற்கு அவளிடம் ஒரு வித்தை இருந்தது. பெரியவர் முன்னால் போய் நின்று, "மாமா, நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே, அந்த மெல்லிசு ஃபிரேம், அதை வரவழைச்சிடலாமா?" என்பாள். அவர் சொல்லியே இருக்க மாட்டார். கொஞ்சம் யோசிப்பதுபோல் மோவாயைத் தடவிவிட்டு, "ம்... சொன்னேன்ல. வரவழைச்சிடு" என்பார். பழைய சரக்கைத் தள்ளிவிட்டது, வெள்ளிக்கிழமை விடுமுறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியது எல்லாமே அவர் 'சொன்னது'. அந்த மனுஷன் அத்தனையும் தன் மூளையில் உதித்தது என்று நிஜமாகவே நம்பினார்.

அதை நேரில் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். "ஏண்டி, உன் வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா? நான்தான் சொல்றேன்னு சொல்லக் கூடாதா?" என்பேன். அவள் சிரித்துக்கொண்டே லென்ஸைத் துடைப்பாள். "வேலை ஆகுதுல்லக்கா" என்பாள்.

ஒரு நாள் காலையில் அந்தக் கடையின் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்றது. அதில்தான் எல்லோருடைய கண்ணாடிப் பவர் விவரமும், லென்ஸ் கம்பெனிக்கு அனுப்புகிற ஆர்டரும். சிடிக்காரன் போட்ட திருட்டு நகல். போதாததற்கு, பெரியவர் யார் யாரிடமோ பென் டிரைவ் வாங்கிவந்து அதில் சினிமா பார்ப்பார். திரையில் எந்தக் கேள்விப் பெட்டி வந்தாலும் 'சரி' என்பதை அழுத்துவார். எல்லோருக்கும் எல்லா அதிகாரமும் இருக்கிற மிஷின்; கடவுச்சொல்லும் கிடையாது. வைரஸுக்குத் தட்டில் வைத்து வெற்றிலைபாக்குக் கொடுத்தது மாதிரிதான்.

"உங்க அக்காவைக் கூப்பிடேன். பெங்குவின் பெங்குவின்னு ஏதோ சொல்லிட்டுத் திரியுதே" என்று பெரியவரே சொல்லியிருக்கிறார். அவராகவே வாய் திறந்து சொன்ன ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நல்லாப் போட்டுக் குடுங்கம்மா, மறுபடி படுத்துக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மௌனசாமி பின்னால் தேய்த்துக்கொண்டிருந்தார். பழைய விவரங்களையெல்லாம் பத்திரமாக வெளியே எடுத்து வைத்தேன். புதிதாகப் போட ஆரம்பித்ததும், மிஷின் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டது. நிர்வாகியின் பெயர் என்ன?

இது அந்தத் திருட்டு நகலில் யாரும் கவனிக்காத கேள்வி. சிடிக்காரன் 'அட்மின்' என்று எதையோ தட்டிவிட்டுப் போய்விடுவான். நான் அப்படி விடுவதில்லை. ஒவ்வொரு மிஷினுக்கும் பொறுப்பாக ஓர் ஆள் இருக்க வேண்டும். புதிதாக எதையாவது போடுவது, நீக்குவது, மாற்றுவது எல்லாம் அந்த ஆளின் கடவுச்சொல்லில்தான் நடக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தனித்தனிக் கணக்கு. தங்கள் வேலையைப் பார்க்கலாம், மிஷினைக் கெடுக்க முடியாது. இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

"யார் பேர் போடட்டும்?" என்றேன்.

தங்கச்சி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கடை பேரைப் போட்டுடேன்."

"கடை வந்து பாஸ்வேர்ட் அடிக்குமாடி? ஆள் பேர் சொல்லு."

"அப்போ மாமா பேரைப் போடு."

"எந்த மாமா? மவுஸை எலி மாதிரி வாலைப் புடிச்சுத் தூக்குவாரே, அவரா? அவர் பேரைப் போடறதுக்கு நான் எதுக்கு, சிடிக்காரனே போதுமே."

"இவர் பேரைப் போடு."

மௌனசாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவர் பேர்ல போட்டா பாஸ்வேர்டையாவது வாய் திறந்து சொல்வாரா?" என்றேன்.

அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எதுக்குக்கா வம்பு?" என்றாள்.

"என்ன வம்பு? இதைத் தினமும் தொடுறது யாரு? நீ. தெரிஞ்சவ யாரு? நீ." சொல்லிக்கொண்டே அவள் பேரை அடித்தேன். எனக்கு அதை அடிக்கும்போது ஒரு சந்தோஷம் இருந்தது, மறைக்க மாட்டேன். அந்தக் கடையில் எங்கும், போர்டில், பில்லில், சுவரில், அவள் பேர் கிடையாது. ஒரு இடத்திலாவது இருக்கட்டுமே என்று நினைத்தேன். பெரியவருக்கும் மௌனசாமிக்கும் சாதாரணக் கணக்கு. தங்கச்சிக்குக் கடவுச்சொல் வைக்கக் கற்றுக்கொடுத்தேன். அடிக்கும்போது கையை மறைத்துக்கொள், யார் பக்கத்தில் இருந்தாலும் சரி, அதில் கூச்சமே கூடாது என்று சொன்னேன். நல்ல பிள்ளை, அப்படியே பழகிக்கொண்டாள்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. மிஷின் வேகமாக ஓடியது. லென்ஸ் கம்பெனிக்கு ஆர்டர் தடையில்லாமல் போனது. பெரியவர் சினிமா பார்த்தார். வைரஸ் வந்து வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கும். "உங்க அக்கா கெட்டிக்காரிதான்" என்றுகூடச் சொன்னாராம்.

அப்புறம் பில் அடிக்க ஒரு சின்ன பிரிண்டர் வாங்கினார் பெரியவர். அதைத் தானே மாட்டிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். ஒயரைச் செருகியதும் திரையில் பெட்டி வந்தது. 'இதைச் செய்ய நிர்வாகியின் அனுமதி தேவை' என்று ஒரு வரி. கீழே என் தங்கச்சியின் பேர். அதன் கீழே கடவுச்சொல்லுக்குக் காலி இடம். பழக்க தோஷத்தில் 'சரி' என்பதை அழுத்தினார். பெட்டி திரும்ப வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடையில் கூட்டம். பக்கத்து மருந்துக்கடைக்காரர் கண்ணாடியின் மூக்குப்பிடியை மாற்ற வந்து, பெரியவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார். பெரியவர் உள்ளே குரல் கொடுத்தார். தங்கச்சி, நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு ஓடி வந்தாள். வந்தவள் குனிந்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே, இடது கையால் மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லை அடித்தாள். அவள் அடித்து முடிக்கும்வரை பெரியவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அவருடைய கடையில், அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில்.

மருந்துக்கடைக்காரருக்கு நாக்கு சும்மா இருக்குமா? "என்னண்ணே, உங்க கடையில நீங்க உள்ள போறதுக்கே தம்பி பொண்டாட்டிகிட்ட சீட்டு வாங்கணும் போலிருக்கே" என்றார்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். அதைத்தான் தங்கச்சி போனில் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவரும் சிரிச்சாருக்கா. ரொம்ப நேரம் சிரிச்சாரு."

அன்று சாயங்காலமே அவள் கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் எழுதி அவரிடம் நீட்டியிருக்கிறாள். அவர் வாங்கவில்லை. "எனக்கெதுக்கும்மா? உன் பேர்ல இருக்கிறது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாராம்.

"பேரை மாத்திடுக்கா" என்றாள் என்னிடம். "அவர் பேரைப் போட்டுடு. அஞ்சு நிமிஷ வேலைன்னு நீதானே சொன்ன."

"அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. ஆனா மாத்த மாட்டேன்."

"அக்கா, விளையாடாதே."

"யாரு விளையாடறா? எவனோ ஒருத்தன் சிரிச்சான்னு உன் பேரை நீயே அழிச்சுக்குவியா? நாளைக்கு அந்த ரூம்லேர்ந்து எந்திரின்னு சொன்னா எந்திரிச்சிடுவியா? கொஞ்சமாவது சொரணை வேணும்டி."

போனில் அவளுக்குப் பின்னால் தேய்க்கிற சத்தம் கேட்டது. "உனக்குப் புரியல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எனக்கா புரியவில்லை? என்று அன்று முழுக்க எனக்கு நானே பேசிக்கொண்டு திரிந்தேன். டிரைவிங் ஸ்கூலில் ஒரு கீபோர்டை வேறு உடைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் தங்கச்சியின் மாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சாதுவான மனுஷி, குரலை உயர்த்திப் பேசிக் கேட்டதில்லை. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் கட்டிலில், மௌனசாமி சுவரோரம் நாற்காலியில், மாமியார் கீழே பாயில். தங்கச்சி சமையலறை வாசலில் நின்றாள். நான் உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினாள், வேண்டாம் என்று. அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும்தான் எனக்கு இன்னும் ஏறியது.

"ஒண்ணுமில்லம்மா, பெரியவன் மனசு கஷ்டப்படறான்" என்றார் மாமியார். "அந்த மிஷின்ல எங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேர் போட்டிருக்கலாம்ல?"

"கேட்டுப் போடறதுக்கு அது என்ன சொத்துப் பத்திரமா அத்தை? மிஷினை யார் பார்த்துக்கறாங்களோ அவங்க பேர். அவ்வளவுதான். எந்தக் கடையில போட்டாலும் நான் அப்படித்தான் போடுவேன்."

"மிஷினைப் பார்த்துக்கறவங்கன்னு போடலையேம்மா" என்றார் பெரியவர். தணிந்த குரல்தான். "நிர்வாகின்னுல்ல போட்டிருக்கு. எங்கப்பா கடை அது. அதுல நிர்வாகி யாருன்னு நீங்க வந்து முடிவு பண்ணுவீங்களா?"

இந்த இடத்தில் நான், 'அது கம்ப்யூட்டர்ல வர்ற வார்த்தைண்ணே, மாத்திடறேன்' என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எல்லோருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தங்கச்சியின் கண் அதைத்தான் கெஞ்சியது. ஆனால் தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை, அதுதான் வித்தியாசம்.

"நான் முடிவு பண்ணலைண்ணே. இருக்கிறதை எழுதினேன்" என்றேன். "கடைக்கு வர்றவங்க யாரைக் கேட்டு வர்றாங்க? ஃபிரேம் எடுக்கிறது யாரு, லென்ஸ் எடுக்கிறது யாரு, சண்டைக்கு வர்றவனைச் சமாதானம் பண்றது யாரு?"

"அக்கா" என்றாள் தங்கச்சி.

"நீ சும்மா இரு. அண்ணே, உங்களைத்தான் கேக்கறேன். 'மாமா, நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே, மாமா, நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே'ன்னு இவ உங்ககிட்ட வந்து நிப்பாளே. அதுல ஒண்ணாவது நீங்க சொன்னதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை லீவு நீங்க சொன்னதா? அந்த மெல்லிசு ஃபிரேம் நீங்க சொன்னதா? நீங்க வருத்தப்படக் கூடாதுன்னு அவ சொல்றதை உங்க வாயில போட்டு, உங்ககிட்டயே உத்தரவு வாங்கிட்டுப் போறா. இத்தனை வருஷமா இதுகூடத் தெரியாமயா உக்காந்திருந்தீங்க?"

பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. தங்கச்சியைப் பார்த்தார். கோபத்தோடு பார்த்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொன்றாக எதையோ ஞாபகப்படுத்திப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். கை மோவாய்க்குப் போனது, பாதியில் நின்று மடிக்குத் திரும்பி வந்தது.

"அப்படியாம்மா?" என்று அவளிடம் கேட்டார்.

இல்லை என்று அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு முதல் தடவையாகச் சட்டென்று வார்த்தை கிடைக்கவில்லை.

"சரி, இப்பவே வந்து பேரை மாத்திடறேன்" என்றேன்.

மாமியார் பாயிலிருந்து கையை ஊன்றி எழுந்தார். "பேரை மாத்திடலாம்மா. இப்போ கேட்டதை எந்தக் காதுலேர்ந்து எடுக்கிறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெரியவர் சத்தம் போடவில்லை, வீட்டை விட்டுப் போ என்று சொல்லவில்லை. நான் அப்படி ஏதாவது நடக்கும், கச்சை கட்டிக்கொண்டு இறங்கலாம் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் காலை கடைக்குக் கிளம்பி நின்றவளிடம், "நீ ரொம்பக் கஷ்டப்பட்டுட்டம்மா. எனக்குத் தெரியாமப் போச்சு. இனிமே வீட்ல இருந்து அம்மாவைப் பார்த்துக்க" என்றாராம். பரிவாகத்தான் சொன்னாராம். பரிவாகச் சொன்னால் எதிர்த்து என்ன பேச முடியும்? மௌனசாமி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். இடிச்ச புளி மாதிரி நின்றுவிட்டு அண்ணன் பின்னாலேயே போய்விட்டார்.

கண் பார்க்கச் சம்பளத்துக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்து அந்த அறையில் உட்கார வைத்தார்கள். கம்ப்யூட்டரைச் சிடிக்காரன் வந்து துடைத்துவிட்டுப் பழையபடி திருட்டு நகலைப் போட்டான். கடவுச்சொல் கிடையாது, யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதை டயர் கடைக்காரர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். "உங்க பெங்குவின் அங்க ஒத்துவரலையாமேம்மா?" என்றார். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாடிக்கையும் போனது. போகட்டும்.

புது ஆள் எப்படி என்று நானே ஒரு நாள் போய் வாசலில் நின்று பார்த்தேன். "தெரியுதா? தெரியுதா? சரி" என்று அவசர அவசரமாக லென்ஸை மாற்றி ஆளை இறக்கிவிடுகிறான். ஒரு பெரியம்மா வெளியே வந்து, "அந்தம்மா எப்போ வருவாங்க?" என்று பெரியவரிடம் கேட்டார். "இனிமே வர மாட்டாங்க" என்றார் அவர். கல்லாவில் கொஞ்சம் இளைத்துத் தெரிந்தார். அவரிடம் இப்போது யாரும் எதையும் 'நீங்க சொன்னீங்களே' என்று வந்து கேட்பதில்லை போலிருக்கிறது. எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது. வந்ததற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது.

தங்கச்சியைப் பார்க்கப் போனேன். மத்தியானம். கூடத்தில் உட்கார்ந்து மாமியாரின் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு காலத்தில் எப்படி இருந்தாளோ அப்படி இருந்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். அவ்வளவு நாள் இருட்டறையில் இருந்த பழக்கம். நான் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததைக் கொட்டினேன்.

"இங்க பாரு, தனியா ஒரு கடை போடுவோம். சின்னதா இருந்தா போதும். ஒரு ரூம், ஒரு நாற்காலி, ஒரு பலகை. மிஷின் நான் பார்த்துக்கறேன். போர்டுல உன் பேர், பெருசா. அங்க வர்றவங்க எல்லாம் உன்னைத் தேடிட்டு வந்து நிப்பாங்க. அப்போ தெரியும் அந்த ஆளுக்கு."

"யாருக்குக்கா தெரியணும்?" என்றாள்.

"அந்த ஆளுக்குத்தான். உன்னை இப்படி உக்கார வச்சிட்டாரே."

"அவரா உக்கார வச்சாரு?" புடவையின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து நீவினாள். குரலில் கோபமே இல்லை. "பக்கத்துல கடை போட்டா இவர் எந்தக் கடைக்குப் போவாரு? அண்ணன் கடைக்கா, என் கடைக்கா? அப்புறம் இந்த வீட்ல எந்த மூலையில நான் படுக்கறது? அதெல்லாம் நீ யோசிச்சியா?"

"நான் என்னடி பொய்யா சொன்னேன்? உள்ளதைத்தானே சொன்னேன்."

"உள்ளதுதான். அதை யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷம் காப்பாத்திட்டு வந்தேன். அவரு சொன்னாரு, அவரு சொன்னாருன்னு சொல்லிச் சொல்லியே என் இஷ்டப்படி ஒரு கடையை நடத்தினேன்க்கா. அவருக்கு வலிக்கல. எனக்கும் வலிக்கல. உனக்குத்தான் வலிச்சுது." மடித்த புடவையை அடுக்கின் மேல் வைத்தாள். "உனக்கு வலிச்சதுக்கு என் ரூம் போச்சு."

உள்ளேயிருந்து மாமியார் இருமும் சத்தம் கேட்டது. மாத்திரை கொடுக்கிற நேரம் என்று அவள் எழுந்து போனாள். நான் மடிக்காமல் கிடந்த இன்னொரு புடவையை எடுத்து, அவள் செய்த மாதிரியே ஓரத்தை ஓரத்தோடு சேர்க்கப் பார்த்தேன்.